கடைமுழுக்கு அன்றைக்கே

காலைத் தாங்கும் காலிப்பரின் கடைசி வாரை அவிழ்த்து, இரும்புக் கம்பிகளோடு அதைத் தூக்கி அண்ணன் கையில் கொடுத்த பிறகுதான், தன் இடது கால் ஊர் பார்க்க வெளியே கிடக்கிறது என்பது அபயாம்பாளுக்கு உறைத்தது. புடவையை இழுத்து மூடலாம் என்று கை தானாகப் போனது. போன கையை அவளே திருப்பி எடுத்துக்கொண்டாள். கிடக்கட்டும். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு வயதில் ஒரு காய்ச்சல் வந்து சூம்பிப்போன கால். பன்னிரண்டு வயதிலிருந்து தோலும் இரும்புமான ஒரு கூட்டுக்குள்ளேயே கிடந்து, வெயில் படாமல், உடம்பின் மற்ற நிறத்தோடு சேராமல் வெளுத்துப்போய், வேறு யாருடைய காலோ போல மேல்படியில் நீண்டிருந்தது. அதற்குக் கீழே துலாக் கட்டத்துப் படிகள் எல்லாம் தலைகளாக இருந்தன. ஈரத் தலைகள், மொட்டைத் தலைகள், மஞ்சள் பூசிய முகங்கள், தோளில் குழந்தைகள். அதற்கும் கீழே காவிரி, இந்த வருஷம் நிஜமான காவிரி, கரை முட்டச் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஐப்பசி கடைசி நாள். கடைமுழுக்கு. மாயவரத்தில் பள்ளிக்கூடம், ஆபீஸ் எல்லாவற்றுக்கும் லீவு. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை, அபயா," என்றான் அண்ணன் வைத்தியநாதன், காலிப்பரைக் குழந்தை மாதிரி அணைத்துப் பிடித்துக்கொண்டு. "மாட்டிக்க. வீட்டுக்குப் போயிடுவோம். நாளைக்கு விடியக்காலம் நானே கூட்டிட்டு வர்றேன். கூட்டமே இருக்காது. நிம்மதியா முழுகலாம்." அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நாளைக்கு என்ன நாள், அண்ணே?" "கார்த்திகை ஒண்ணு." "அதுக்கு வேற ஒரு பேர் உண்டுல்ல?" அவன் ஆற்றைப் பார்த்தான். அவன் வாயிலிருந்து அந்தப் பேர் வராது. அவள் எதிரில் ஒரு நாளும் வந்ததில்லை. நாளைக்கு முடவன் முழுக்கு. சொல்லேன், அண்ணே, ஒரு தடவை சொல்லிப் பாரேன், நாக்கு வெந்தா போய்விடும்? சொல்லாமலே அத்தனை வருஷமும் அந்த நாளில் கொண்டுவந்து முக்கி எடுத்தீர்களே.

நாளைக்கு. அந்த ஒரு சொல்லைக் கொடுத்துக் கொடுத்தே அவளை வளர்த்தார்கள். தேரா, இன்றைக்கு வேண்டாம், கூட்டம், நாளைக்கு நிலைக்கு வந்ததும் பார்க்கலாம். கல்யாண வீடா, முகூர்த்தத்தில் இடிப்பார்கள், நாளைக்குப் போய்ப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்துவிட்டு வரலாம். நாளைக்கு என்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். பந்தல் பிரித்த குழிகளும் நசுங்கிய பூவும் கழுவி விட்ட தரையும்தான் நாளைக்கு. அவள் இரண்டு உள்ளங்கைகளையும் படியில் ஊன்றினாள். வலது காலைக் கீழ்ப்படிக்கு இறக்கினாள், இடுப்பைத் தூக்கினாள், இறங்கினாள், பிறகு கையால் இடது காலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஒரு படி. இவ்வளவுதான். இப்படித்தான் அவனும் வந்திருப்பான், அந்த முடவன். கதையை யார் சொன்னாலும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். ஐப்பசியில் மாயவரத்துக் காவிரியில் முழுகினால் செய்த பாவமெல்லாம் போகும் என்று கேள்விப்பட்டு எங்கிருந்தோ ஒரு முடவன் புறப்பட்டானாம். கையை ஊன்றி ஊன்றி அவன் வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துபோனதாம். அவன் அழுதானாம். சாமி மனமிரங்கி, கார்த்திகை முதல் நாள் முழுகினாலும் உனக்கு அதே பலன் என்று சொன்னாராம். சாமிக்கு எவ்வளவு கருணை பாரு என்று முடிப்பார்கள், முடிக்கும்போது மறக்காமல் அவள் காலை ஒரு பார்வை பார்ப்பார்கள். கேட்கக் கேட்க அவளுக்கு எரிந்துகொண்டு வரும். வழியில் எத்தனை மாட்டுவண்டி அவனைத் தாண்டிப் போயிருக்கும்? எத்தனை பேர், எத்தனை குடும்பம், கட்டுச்சோற்று மூட்டையோடு, சிவ சிவ என்று சொல்லிக்கொண்டு, அவன் கை ஊன்றிய அதே பாதையில் அவனைச் சுற்றி விலகி நடந்திருப்பார்கள்? ஏறிக்கோப்பா, நாங்களும் அங்கேதான் போகிறோம் என்று ஒரு வண்டிக்காரன் சொல்லவில்லையே. அத்தனை பேரும் நேரத்துக்கு வந்து முழுகிப் புண்ணியம் கட்டிக்கொண்டார்கள். அந்தப் புண்ணியம் செல்லுமா? சாமியும்தான், ஊரையே ஒரு நாள் நிறுத்தி வைத்திருக்கக் கூடாதா, கடைசி ஆள் ஒருத்தன் வந்துகொண்டிருக்கிறான், அவனும் வந்து இறங்கட்டும் என்று? அது முடியாது. அவனுக்கு ஒரு தனி நாள். அடுத்த பந்தியில் தனி இலை. அவள் இன்னொரு படி இறங்கினாள். அப்படி என்ன பாவம் செய்துவிட்டான் அவன், அத்தனை தூரம் தேய்ந்து வந்து கழுவ?

ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. ஆற்றில் நீர்வரத்து அதிகமாக இருக்கிறது, பக்தர்கள் கயிற்றைத் தாண்டிப் போக வேண்டாம், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், நகைகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே தண்ணீருக்குள் சவுக்குக் கட்டைகளை நட்டுக் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அப்பால் நடு ஆற்றில் நந்தி மண்டபம் தண்ணீரைப் பிளந்துகொண்டு நின்றது. மேல்பக்கம் நுரை, கீழ்ப்பக்கம் சுழி. நீர்வரத்து அதிகம். இந்த ஊரில் இந்த வார்த்தையைக் கேட்பதே அபூர்வம். அவள் குத்தாலத்தில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் புவியியல் டீச்சர். வருஷத்துக்கு ஒரு தடவை கரும்பலகையில் காவிரியை வரைவாள். குடகு மலையில் ஒரு புள்ளி வைத்து, சாக்பீஸை எடுக்காமல் இழுத்துக்கொண்டே வருவாள். மேட்டூரில் ஒரு வீக்கம். முக்கொம்பில் பெரிய பங்கைக் கொள்ளிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிடும். கல்லணையில் வெண்ணாற்றுக்கு ஒரு பங்கு, புது ஆற்றுக்கு ஒரு பங்கு. அதற்கப்புறம் குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பிரித்துக் கொடுத்துவிட்டு மாயவரம் வரும்போது காவிரி வாய்க்கால் மாதிரி ஆகியிருக்கும். பூம்புகாரில் கடலைத் தொடுகிற இடத்தில் அவள் சாக்பீஸின் ஓரத்தைக் கொண்டு, தெரிந்தும் தெரியாமலும் ஒரு கோடு போடுவாள். கடைமடை. இங்கே எல்லாம் பிந்தித்தான் வரும். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்தது என்று பேப்பரில் படம் போட்டு, பூத்தூவி, எல்லாரும் கும்பிட்டு முடித்து எத்தனையோ நாள் கழித்து ஒரு சாயங்காலம் இங்கே மணலின் மேல் நுரையும் சருகுமாக ஒரு நாக்கு நீண்டு வரும். வராமலே போன வருஷங்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் ஐப்பசி முழுக்கக் கங்கை வருகிறாள், யமுனை வருகிறாள், எல்லா ஆறும் வந்து தன்னிடம் ஜனங்கள் கழுவிய பாவத்தை இங்கே கழுவிக்கொண்டு போகிறது என்கிறார்கள். ஒரு தடவை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கேட்டது, "அப்ப காவேரி எங்க டீச்சர் போய்க் கழுவிக்கும்?" வகுப்பே சிரித்தது. கடலில் என்று அவள் சொல்லி வைத்தாள். அது பதில் இல்லை என்று அன்றைக்கே தெரியும். ஊரார் அழுக்கெல்லாம் கடைசியில் இருக்கிறவள் தலையில்தான் வந்து விடியும். அவள் எங்கே போய்க் கழுவினால் யாருக்கென்ன? ஆனால் இன்றைக்குப் பார். குடகில் பெய்ததும், போன வாரம் இங்கேயே விடாமல் பெய்ததும் சேர்ந்து, பிடித்து வைக்க யாருக்கும் திராணி இல்லாமல், மொத்தமும் கடைமடைக்கு வந்துவிட்டது. வந்ததைப் பார்த்துவிட்டு, ஆபத்து, கயிற்றைத் தாண்டாதீர்கள் என்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சிரித்துக்கொண்டே அடுத்த படியில் கை வைத்தபோது ஒரு கால் அவள் விரல்களை மிதித்தது. தட்டை விரல்கள் கொண்ட ஆண் கால், ஈர வேட்டி, "ஐயய்யோ, கீழ ஆளு இருக்கறது தெரியலம்மா" என்றது மேலிருந்து ஒரு குரல். தெரியாதுதான். இந்த உயரத்தில் யாரும் ஆளைத் தேடுவதில்லை. முழங்கால்களும் வாளிகளும் சொட்டுகிற முந்தானைகளும் உள்ள ஓர் உலகம் இது; இங்கே எலுமிச்சை வாசனையும் சீயக்காயும் மூத்திரமும் கலந்து அடித்தது. விரல்களை உதறினாள். வலித்தது, ஆனால் மடங்கின. திடீரென்று இரண்டு அக்குளிலும் கைகள் நுழைந்தன. பின்னாலிருந்து யாரோ, ஒருவர் இல்லை, இரண்டு பேர். "நீங்க சும்மா இருங்கம்மா, நாங்க மேல கொண்டு விட்டுடுறோம்." உடம்பு படியை விட்டு எழும்பியது. மேலே. அவள் இறங்கி வந்த படிகளுக்கு மேலே. கத்துவதற்கு முன் ஒரு கணம் அவளுக்குள் பழைய ஒன்று அசைந்தது. தூக்குகிறவர்களுக்கு உடம்பைத் தளர்த்திக் கொடுத்துவிடுகிற பழக்கம், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், கல்யாண மண்டபத்தில், கனம் தெரியாமல் இருக்க வேண்டுமே என்று மூச்சைக்கூட இழுத்துப் பிடித்துக்கொள்கிற பழக்கம். சரி, போகட்டும், என்று உடம்பு சொன்னது. இல்லை. "கைய எடுங்க!" வகுப்பறையின் கடைசி பெஞ்சு வரை போகிற குரல் அது. "எடுங்கன்னு சொல்றேன்ல. நான் உங்களைக் கூப்பிட்டேனா?" தோளில் தொண்டர் பட்டை கட்டிய இரண்டு பையன்கள், ஒருத்தனுக்கு மீசைகூடச் சரியாக வரவில்லை. அவளை இருந்த படியிலேயே இறக்கிவிட்டு நின்றார்கள், நல்லது செய்யப்போய்த் திட்டு வாங்கிய முகத்தோடு. பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை அவள். படிக்கட்டின் ஓரத்தில் நின்றிருந்த பெண் போலீஸ் ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முப்பது வயதிருக்கும், கழுத்தில் விசில், சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. "என்னம்மா பிரச்சினை? உங்களுக்கு இந்தக் கூட்டத்துல எதுக்கும்மா? நாளைக்கு வாங்களேன். உங்களுக்குன்னே நாள் இருக்குல்ல?" அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் கஷ்டம், எல்லாரும் அன்பாகத்தான் சொல்கிறார்கள். "எனக்குன்னு நான் எந்த நாளும் கேக்கலைங்க," என்றாள் அபயாம்பாள். "இன்னிக்கு இங்க வரக் கூடாதுன்னு சட்டம் எதுவும் இருக்கா?" "சட்டம் இல்லம்மா. தண்ணி இழுக்குது. உங்களால நிக்க முடியாது. ஏதாவது ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்." "இதோ இந்தப் பெரியவர் நிப்பாரா? அந்த அம்மா, கைக்குழந்தையோட, நிப்பாங்களா? அவங்களுக்கு யார் பதில் சொல்றது?" பெண் போலீஸ் அவளைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். பிறகு, ஆச்சரியம், மறுபடி முகத்தைப் பார்த்தாள். "கயித்தைப் பிடிச்சுக்கணும். கையை விடக் கூடாது." "சரி." "விட்டீங்கன்னா நானே இறங்கி இழுத்துட்டு வந்துடுவேன்." "வாங்க," என்றாள் அபயாம்பாள். "நீங்களும் ஒரு முழுக்குப் போட்டுக்கலாம்."

சொல்லிவிட்டாள். உள்ளங்கைகளைக் கல்லோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு இறங்கினாள். ஒரு படி. இன்னொரு படி. அம்மா இருந்திருந்தால் இதற்கு ஒத்துக்கொண்டிருப்பாளா? காலையில் வைத்தி அண்ணன் காரில் கேட்டது. அம்மா போன ஆடியில்தான் போனாள். அம்மா இருந்திருந்தால் நேற்றே வெள்ளைத் துண்டைத் துவைத்துக் காயப்போட்டு வைத்திருப்பாள், நாளைக்காக. கார்த்திகை ஒன்று, கோழி கூவுவதற்கு முன்னால், அம்மாவின் இடுப்பு. பன்னிரண்டு வயது வரை இடுப்பில் சுமந்துகொண்டு வந்தாள்; காலிப்பர் வந்த பிறகு கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் துலாக் கட்டம் எச்சில் இலை மாதிரி இருக்கும். முந்தின நாள் பூ, வாழைமட்டை, ஒற்றைச் செருப்பு, யாரோ விட்டுவிட்டுப் போன பழைய துணி. படியில் இவளைப் போல இன்னும் சிலர், கை இல்லாதவர், கண் தெரியாதவர், சக்கரப் பலகையில் வந்தவர். யாரும் யாரையும் பார்க்காமல் முழுகிவிட்டு எழுந்திருப்பார்கள். ஒரு வருஷம் ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கடைமுழுக்குக்காக மோட்டார் வைத்து ஆழ்குழாயிலிருந்து தண்ணீர் இறைத்துக் கட்டத்தை நிரப்பியிருந்தார்கள். மறுநாள் அவளும் அம்மாவும் வந்தபோது மோட்டாரை நிறுத்திவிட்டிருந்தார்கள். ஊரே முழுகி எழுந்த அழுக்குத் தண்ணீர், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, எண்ணெய் மிதக்க நின்றது. அம்மா அதில் அவளை உட்கார வைத்துச் சொம்பால் மொண்டு தலையில் ஊற்றினாள். காவேரித் தாயே, என் பொண்ணைக் காப்பாத்து, என்றாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டு மறுபடி குளித்தாள், அழுதுகொண்டே, அம்மாவுக்குக் கேட்கும்படி தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு. அம்மா எதற்குமே ஒன்றும் சொன்னதில்லை. கடைமுழுக்கு அன்றைக்கு அப்பாவும் அண்ணனும் அத்தைகளும் கிளம்பிப் போவார்கள். வாசல் கதவைச் சாத்திவிட்டு அம்மா இவள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். தூரத்தில் நாயனம் கேட்கும். கேட்காதது மாதிரி இருப்பாள். கீழ்ப்படியில் ஊன்றின கை அங்கேயே நின்றது. அம்மா உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வருஷமும். இவளுக்குக் காய்ச்சல் வந்த வருஷத்திலிருந்து போன வருஷம் வரை அம்மா ஒரு கடைமுழுக்குக்கும் வந்ததில்லை. அம்மாவுக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தன. காவிரிக்கு நாலு தெரு தள்ளி வாழ்ந்தவள், ஊர் முழுகுகிற அன்றைக்கு முழுகாமலே செத்துப்போனாள், முடவன் முழுக்கு மட்டும் முழுகி. இத்தனை வருஷம் இது எப்படித் தோன்றாமல் போனது? வந்தது இரக்கம் என்று நினைத்தாள், இல்லை, கோபம், இரண்டும்தான். நீ ஏன்ம்மா உட்கார்ந்திருந்தே? இடுப்பில் தூக்கத் தெரிந்ததே, ஒரு நாள் முன்னால் தூக்கிக்கொண்டு வந்திருக்கக் கூடாதா? யார் என்ன சொல்லியிருப்பார்கள்? என்னோடு சேர்ந்து நீயும் ஏன் ஒளிந்துகொண்டாய்? பதில் சொல்ல அம்மா இல்லை. இருந்திருந்தாலும் வெங்காயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கீழே போகப் போகப் படிகள் வழவழத்தன. பாசி. உள்ளங்கை பிடிக்கவில்லை, உட்கார்ந்த இடம் தானாக நழுவியது. இங்கேதான் பயம் உட்கார்ந்திருந்தது, அவள் வரட்டும் என்று காத்துக்கொண்டு. இதுவரை வந்ததெல்லாம் வீம்பு; இனிமேல்தான் ஆறு. சத்தம் மாறியிருந்தது. மேலே கேட்ட ஜனங்களின் இரைச்சலுக்கு அடியில் வேறொரு இரைச்சல், கனமான, தொண்டைக்குள்ளேயே உறுமுகிற ஒன்று. படியின் விளிம்பில் தண்ணீர் ஏறியது, வழிந்தது, ஏறியது. அதில் ஒரு தென்னம்பாளை வேகமாகப் போனது. அந்த வேகத்தில் நான் போனால்? நந்தி மண்டபத்தின் சுழியில் ஒரு தடவை சுற்றி, பாலத்துக்கு அடியில் போய், பூம்புகார் பக்கம் ஏதாவது ஒரு நாணலில் மாட்டிக்கொண்டு, டீச்சர் வீம்புக்குப் போய்ச் செத்தாள் என்று பேசுவார்கள். நாளைக்குப் போயிருக்கலாமே என்று கட்டாயம் ஒருவராவது சொல்வார்கள். சாவு வீட்டில்கூட அந்த நாளைக்கு. திரும்பி மேலே பார்த்தாள். வைத்தி இன்னும் அதே இடத்தில் காலிப்பரைக் கட்டிக்கொண்டு நின்றான். அங்கிருந்து பார்க்க அவன் சின்னதாகத் தெரிந்தான். வா, வா என்று கை காட்டினான். ஏறலாம். ஏறுவதற்கும் இதே கைதான், இதே படிதான். யாரும் கேலி செய்யமாட்டார்கள். பாவம், முயற்சி பண்ணினாள் என்பார்கள். பாவம். அந்த முடவனுக்கும் யாராவது படித்துறையில் சொல்லியிருப்பார்கள், பாவம், முடிஞ்சுபோச்சுப்பா, அடுத்த ஐப்பசிக்கு வா. அவன் அழுதான் என்கிறார்களே, யார் பார்த்தது? அவள் அவனை அந்த வழுக்குப் படியில் தனக்குப் பக்கத்தில் பார்த்தாள்: கை முட்டியெல்லாம் காய்த்துப்போய், தொடை தேய்ந்து ரத்தம் கட்டி, புழுதியும் தாகமுமாக. இவ்வளவு தூரம் கையால் நடந்து வந்தவன் அழுகிற ஆளா? அவன் சண்டை போட்டிருப்பான். நான் போக மாட்டேன், இங்கிருந்து நகர மாட்டேன், முடிந்துவிட்டது என்று சொல்ல நீ யார் என்று ஆற்றைப் பார்த்து, கோபுரத்தைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தியிருப்பான். சாமிக்கு வேறு வழி இருந்திருக்காது. கொடுத்த வரம் இல்லை அது, பிடுங்கினது. பிடுங்கினதைப் பிச்சையாக்கி, கருணையாக்கி, அவன் பேரையே ஒழித்துவிட்டு முடவன் என்று மட்டும் மிச்சம் வைத்து, அவனைப் போல வந்தவர்களையெல்லாம் அந்த ஒரு நாளுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். உனக்கு ஒரு பேர் இருந்திருக்குமே, ஐயா. பாசியில் விரல் நகங்களைப் பதித்துக்கொண்டு அவள் நழுவினாள். நழுவுவதே இறங்குவது ஆயிற்று.

தண்ணீர் முதலில் இடது காலைத் தொட்டது. சில்லென்றது. அந்தக் காலுக்குக் குளிர் தெரியும், வலி தெரியும், எல்லாம் தெரியும். தாங்க மட்டும்தான் தெரியாது. அடுத்த படியில் இடுப்பு வரை வந்தது, புடவை உப்பியது, அவள் எட்டிக் கயிற்றைப் பிடித்தாள். தேங்காய் நாரின் முரட்டுத்தனம் உள்ளங்கையை அறுத்தது. அதற்கடுத்ததற்குப் படி இல்லை, அல்லது படி இருந்தும் அவள் உட்காரவில்லை. ஆறு வந்து அவளைக் கீழிருந்து தூக்கியது. மார்பளவு தண்ணீரில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவள் நின்றாள். நின்றாள். இழுத்தது, கிழக்கே, கடல் பக்கமாக, விடாமல், ஆளைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி. வலது கால் சேற்றில் ஊன்றியிருந்தது. இடது கால் அதன் பக்கத்தில் மிதந்துகொண்டு, கனமே இல்லாமல், நீரோடு ஆடியது. தண்ணீருக்குள் அது குட்டை இல்லை, சூம்பல் இல்லை, எதையும் தாங்க வேண்டிய அவசியமும் இல்லை. பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பருத்த அம்மாள், "இடிக்காம நில்லும்மா," என்றாள். இவள் தள்ளி நின்றாள். அந்த அம்மாளும் தள்ளாடிக்கொண்டுதான் நின்றாள். இந்த இழுப்பில் ஒருத்தருக்கும் கால் நிலைக்கவில்லை. கயிற்றின் நீளத்துக்கும் எல்லாரும் நொண்டிக்கொண்டிருந்தார்கள். மேளச் சத்தம் கேட்டது. கரையில் கூட்டம் பிளந்து, தீவட்டியும் குடையுமாக சாமிகள் வந்தார்கள். மாயூரநாதர் முன்னால், அவர் பின்னால் அம்மன், இவள் பேர்க்காரி, அபயாம்பிகை, பட்டும் மாலையுமாக ஆட்கள் தோளில் ஏறி. இவளுக்கு ஊர் அம்மன் பேர்தான் வைத்திருந்தார்கள். பயப்படாதே என்று கை காட்டுகிறவளின் பேர். தோள் தோளாக மாறி வருகிற அம்மனைப் பார்த்து யாரும் உனக்கு நடக்க வராது, கூட்டம், நாளைக்கு வா என்று சொல்லவில்லை. வழி விட்டார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாமியின் ஆயுதமான அஸ்திர தேவரைப் படியில் இறக்கி, குருக்கள் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். அந்தக் கணத்தில் அத்தனை தலைகளும் ஒரேயடியாக மறைந்தன. அவள் மூக்கைப் பிடிக்கவில்லை. கயிற்றில் ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே உள்ளே போனாள். பழுப்பு. இரைச்சல். குடகு மலை மண், மேட்டூர் மண், திருச்சி மண், எல்லாம் முகத்தில் உரசிக்கொண்டு போயின. பாவம் எதையும் அவள் கொண்டுவந்திருக்கவில்லை, கழுவிக்கொள்ள. எழுந்தாள். மூச்சு. இது எனக்கு. மறுபடி போனாள். இது உனக்கு, அம்மா, உட்கார்ந்திருந்த எல்லா வருஷத்துக்கும் சேர்த்து. உன்மேல் கோபம் போகவில்லை, ஆனாலும் இந்தா. எழுந்தபோது காதில் தண்ணீர் அடைத்து மேளம் எங்கோ கிணற்றுக்குள் கேட்டது. மூன்றாவது அவனுக்கு. பேர் தெரியாதவனுக்கு. அதைப் போட மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். மேலே ஒலிபெருக்கியில் விசிலும் அந்தப் பெண் குரலின் அதட்டலும் மாறி மாறி வந்தன. "மஞ்சப் புடவை! ஏம்மா, அந்த மஞ்சப் புடவை! எவ்வளவு நேரம்? முழுகினா ஏறணும்ல, பின்னாடி வர்றவங்களுக்கு இடம் வேணாமா? கொஞ்சமாவது மத்தவங்களை நினைச்சுப் பாக்கறீங்களா?" யாரைத் திட்டுகிறார்கள் என்று அபயாம்பாள் திரும்பிப் பார்த்தாள். இடப்பக்கம் பருத்த அம்மாள், சிவப்பு. வலப்பக்கம் ஒரு பச்சை. அதற்கப்புறம்தான் தன் தோளில் ஒட்டிக்கிடந்த ஈர முந்தானையைக் குனிந்து பார்த்தாள். வாய்க்குள் புகுந்த காவிரியைத் துப்பிவிட்டு, கையைத் தூக்கி, படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "இருங்கம்மா! என்ன அவசரம்? இன்னும் ஒரு முழுக்கு இருக்கு!" பிறகு கயிற்றை நன்றாகப் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், தலை முங்க உள்ளே போனாள்.